தடைக்காலத்தில் கேட்ட வஞ்சிரம்

அம்மா அந்த மீன் துண்டிலிருந்து ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்தார். மெதுவாக மென்றார். அப்புறம் மிச்சத் துண்டை இலை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, பரிமாறிக்கொண்டிருந்த பையனிடம், "தம்பி, கொஞ்சம் ரசம் ஊத்துப்பா" என்றார். அவ்வளவுதான். குறை சொல்லவில்லை, முகம் சுளிக்கவில்லை. வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் பிறந்து, கல்யாணம் ஆகி வரும்வரை வீட்டில் கடல் மீன் வாசம் இல்லாத வாரத்தையே பார்க்காத மனுஷி, ராமேஸ்வரத்தில், கடலுக்கு அரை கிலோமீட்டர்கூட இல்லாத ஓர் ஓட்டலில், மீனை ஒதுக்கிவிட்டு ரசம் சோறு சாப்பிட்டார். போன வருஷம் வைகாசியில் நடந்தது இது. அந்த இலை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

நாங்கள் இருப்பது சேலத்தில். அப்பா வேலைக்காக வந்த ஊர், அப்படியே தங்கிவிட்டோம். சேலத்தில் கடல் மீன் கிடைக்காது என்றில்லை, ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குப் போனால் பெட்டி பெட்டியாக ஐஸில் வந்து இறங்கியிருக்கும். அம்மா போய்ப் பார்ப்பார், செவுளைத் தூக்கிப் பார்ப்பார், பாதி நாள் ஒன்றும் வாங்காமல் திரும்பி வருவார். மேட்டூர் அணை கட்லாவும் ரோகுவும் வாங்கிச் சமைத்துப் போடுவார், எங்களுக்கு. தனக்கு ஒரு துண்டு மட்டும் வைத்துக்கொள்வார். ஆற்று மீனில் ஒரு மண் வாசம் இருக்கிறது, நாற்பது வருஷமாகியும் நாக்கு அதற்குப் பழகவில்லை என்பார்.

அப்பா போன பிறகு வந்த திதிக்கு ராமேஸ்வரம் போய்க் கொடுத்துவிட்டு வருவோம் என்றார் அம்மா. நான், மனைவி, எட்டாவது முடித்திருந்த மகள், அம்மா, நாலு பேரும் காரில் கிளம்பினோம். கரூர், திண்டுக்கல், மதுரை, பரமக்குடி என்று 400 கிலோமீட்டர். ராமநாதபுரம் தாண்டி உச்சிப்புளி வந்ததும் அம்மா ஏசியை நிறுத்தச் சொல்லிவிட்டு ஜன்னலை இறக்கினார். மண்டபம் நெருங்க நெருங்கக் கருவாட்டு வாசமும் உப்புக் காற்றும் கலந்து உள்ளே வந்தது. பாம்பன் சாலைப் பாலத்தில் காரை மெதுவாக ஓட்டினேன். பக்கத்தில் 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம், அதை ஒட்டி 2025 ஏப்ரலில்தான் திறந்த புதுப் பாலம். மகள் புதுப் பாலத்தில் மேலே தூக்குகிற பகுதி எது என்று தேடிக்கொண்டிருந்தாள். அம்மா பாலங்களைப் பார்க்கவே இல்லை. கீழே தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு நாள் இருப்போம்ல, திதி முடிஞ்ச மறுநாள் ஒரு வேளை நல்ல மீனா வாங்கிக் குடுடா" என்றார்.

அப்பா இறந்த பிறகு அம்மா தனக்கென்று என்னிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் விஷயம் அதுதான்.

திதி நல்லபடியாக முடிந்தது. அக்னி தீர்த்தத்தில் முழுகி, உள்ளே 22 தீர்த்தமும் ஆடி, பிரகாரத்தில் ஈரத்தோடு நடந்து, அதைப் பற்றித் தனியாக எழுதலாம். அன்று முழுக்கச் சைவம். கோயிலைச் சுற்றி எப்படியும் சைவ ஓட்டல்கள்தான், மீன் வேண்டுமென்றால் கொஞ்சம் தள்ளித்தான் போக வேண்டும். ராத்திரி லாட்ஜில் படுத்துக்கொண்டு போனில் தேடினேன். ஓர் ஓட்டலுக்கு நிறைய நட்சத்திரம் போட்டிருந்தார்கள். தட்டு நிறைய இறால், கால் விரித்த நண்டு, முள்ளங்கை அகலத்துக்கு வஞ்சிரம் என்று படம் படமாக இருந்தது. சரி, இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். இந்த மாதம் கடலுக்குப் படகு போகிறதா என்று தேட எனக்குத் தோன்றவே இல்லை. அம்மாவிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஆச்சரியமாகக் கொடுக்க வேண்டும் என்று அவரிடமும் கேட்கவில்லை.

மறுநாள் மதியம் ஒரு மணிக்குப் போனோம். வாசலிலேயே கண்ணாடிப் பெட்டி ஒன்று வைத்து, தூள் ஐஸ் பரப்பி, அதன்மேல் மீன்களை வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். மேலே ஒரு சிவப்பு விளக்கு. அந்த விளக்கில் எல்லா மீனும் நல்ல நிறமாகத்தான் தெரிந்தது. மனைவியும் மகளும் உள்ளே போய்விட்டார்கள். அம்மா மட்டும் பெட்டி முன்னால் குனிந்து நின்றார். நான் பக்கத்தில் போனதும் தணிந்த குரலில், "கண்ணு வெளுத்துக் குழிஞ்சு கெடக்குடா" என்றார். "இது சும்மா காட்டுறதுக்கு வச்சிருப்பாங்கம்மா, உள்ள நல்லதா இருக்கும், வா" என்று சொல்லித் தோளைத் தொட்டு அழைத்துப் போனேன். அம்மாவும் வந்துவிட்டார். மீனைப் பார்த்துச் சொல்வதற்கு என் குடும்பத்தில் இவரைவிடத் தெரிந்த ஆள் கிடையாது. அவர் சொன்ன பிறகும் நான் அழைத்துப் போனேன் என்பதுதான் அந்த ஓட்டலைவிட எனக்கு அதிகம் வலிக்கிறது.

உள்ளே நல்ல கூட்டம். பள்ளிக்கூட லீவு நேரம், வெளியூர் வண்டிகள்தான் எல்லாம். மேற்பார்வை பார்க்கிறவர் ஒருவர் வந்து, மெனு அட்டையைப் பிரிக்கும் முன்பே வாயாலேயே அடுக்கினார். வஞ்சிரம் இருக்கு, இறால் இருக்கு, நண்டு இருக்கு, கணவாய் இருக்கு. "எல்லாம் ஃப்ரெஷ்ஷா சார்?" என்று கேட்டேன். "காலைல போட்டுல வந்தது சார், நீங்க சாப்பிட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார். அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு சரியில்லாத ஓட்டல் எந்த ஊரிலும் இருக்கும். இந்த வாக்கியம் இல்லாவிட்டால் நான் இதை எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

வஞ்சிரம் வறுவல் மூன்று, இறால் மசாலா ஒன்று, நண்டு மசாலா ஒன்று, நாலு மீன் சாப்பாடு சொன்னோம்.

வறுவல் வந்தது. பார்வைக்குக் குறையே இல்லை. சதுரத்துக்குச் சதுரமாகக் கருஞ்சிவப்பு மசாலா, மேலே கறிவேப்பிலை, பக்கத்தில் வெங்காயம், எலுமிச்சை துண்டு ஒன்றுக்கு மூன்றாக. ஒரு துண்டை விரலால் அழுத்தினேன். மசாலா மட்டும் பழைய சுவரிலிருந்து காறை பெயர்வது மாதிரி ஒரு பக்கமாக மொத்தமாகக் கழன்று வந்தது. உள்ளே சதை சாம்பல் கலந்த வெள்ளை. நல்ல வஞ்சிரம் என்றால் விரல் பட்டதும் ஏடு ஏடாகப் பிரியும், ஒவ்வொரு ஏட்டுக்கும் நடுவே மெல்லிசாக ஒரு எண்ணெய்ப் பசை மின்னும். இது பிரியவில்லை. பஞ்சை அழுத்தியது போல அமுங்கி, அழுத்திய இடத்தில் தண்ணீர் கசிந்தது. தட்டில் எண்ணெய்க்கு அடியில் அந்தத் தண்ணீர் தனியாக நின்றது. வாயில் வைத்தால் மிளகாய்த் தூளும் உப்பும் தெரிகிறது, மீன் தெரியவில்லை. மென்று முடிக்கும்போது அடித்தொண்டையில் ஒரு வாடை மட்டும் மிச்சம்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். மீனை மிகக் கடுங்குளிரில் சட்டென்று உறைய வைத்தால் சதைக்குள் உள்ள நீர் பொடிப் பொடிப் படிகமாக உறையும், சதை கெடாது. சாதாரணப் பெட்டியில் போட்டு மெதுவாக உறைய விட்டால் படிகங்கள் பெரிதாகி சதையின் நுண்ணறைகளைக் கிழித்துவிடும். ஐஸ் விடும்போது உள்ளிருக்கும் சாறு முழுக்க வெளியே ஓடிவிடும். மிஞ்சுவது சக்கை. திரும்ப உறைய வைத்து, திரும்ப எடுத்தால் இன்னும் மோசம். வாடைக்கும் காரணம் உண்டு. கடல் மீனின் சதையில் இயல்பாகவே இருக்கிற ஒரு பொருளை நாளாக ஆக நுண்ணுயிர்கள் உடைக்கின்றன, அதிலிருந்து வருவதுதான் நாம் கவிச்சி என்று சொல்லும் வாடை. புதிதாகப் பிடித்த மீனில் அது அநேகமாக இருக்காது. புளிப்பு பட்டால் அந்த வாடை அடங்கும். எலுமிச்சை ஏன் ஒன்றுக்கு மூன்றாக வந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

குழம்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மீன் அந்தக் குழம்பில் வேகவே இல்லை. பொதுவாக ஒரு குழம்பு காய்ச்சி வைத்துக்கொண்டு, துண்டைத் தனியாகப் பொரித்துப் பரிமாறும்போது மேலே போட்டிருக்கிறார்கள். குழம்பில் மீன் சாறு இறங்கவில்லை, மீனில் புளி ஏறவில்லை.

இறால் ஒரே அளவில், ஒன்றுக்கொன்று கொஞ்சமும் கூடாமல் குறையாமல் இருந்தது. அம்மா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "கடல் எறா இப்படி அச்சுல வார்த்தாப்ல இருக்காதே" என்றார். வளர்ப்பு இறால். வனாமி என்று சொல்வார்கள். அமெரிக்கக் கண்டத்தின் பசிபிக் கரைப் பக்கத்து இனம், 2009-இல் இங்கே வளர்க்க அனுமதி கொடுத்தார்கள், ஆந்திராவிலும் நம் கரையோர மாவட்டங்களிலும் குளம் வெட்டி வளர்க்கிறார்கள். அது கெட்ட சாமான் இல்லை, சேலத்தில் நாங்களே வாங்கிச் சாப்பிடுகிறோம். ஆனால் அதைச் சாப்பிட யாரும் 400 கிலோமீட்டர் வர வேண்டாம். காலையில் போட்டில் வந்ததாகச் சொல்லவும் கூடாது.

நண்டுக் காலைக் கடித்துத் திறந்தால் உள்ளே தண்ணீர். பௌர்ணமி நண்டில் சதை இருக்காது, அமாவாசை நண்டில்தான் இருக்கும் என்று அம்மா சின்ன வயதில் எங்களுக்குச் சொல்வார். மகள் அதை ஞாபகம் வைத்துக்கொண்டு, "இன்னிக்குப் பௌர்ணமியா அப்பாயி?" என்று கேட்டாள். அம்மா அவளுக்கு ஓட்டை உடைத்துக் கொஞ்சமாக இருந்த சதையைச் சுரண்டி எடுத்துக் கொடுத்தார். அப்போதுதான் ரசம் கேட்டார்.

மொத்தம் 2,340 ரூபாய். பணம் பெரிசில்லை என்று சொல்ல மாட்டேன், எங்களுக்கு அது பெரிசுதான்.

கை கழுவும் இடத்தில் அந்தப் பரிமாறுகிற பையன் நின்றிருந்தான். இருபது வயதுக்குள்தான் இருக்கும். அம்மாவின் இலையை எடுத்தவன் அவன்தான், மீன் அப்படியே இருந்ததைப் பார்த்திருக்கிறான். என்னிடம் மெதுவாக, "அம்மா ஒண்ணுமே சாப்பிடலையே சார்" என்றான். "மீன் நல்லா இல்ல தம்பி" என்றேன். ஒரு நிமிஷம் தயங்கினான். பின்னால் ஒருமுறை பார்த்துக்கொண்டான். "தடைக்காலம் சார். போட்டு எதுவும் போகல. எல்லாம் ஐஸ்தான், கேரளா பக்கம் இருந்து லாரில வருது, எறா வளர்ப்பு எறா. ஜூன் பதினஞ்சுக்கு மேல வாங்க சார், நல்லா இருக்கும்" என்றான். அவனுக்கு அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. யாராவது கேட்டிருந்தால் வேலையே போயிருக்கும். அந்த ஓட்டலில் எங்களுக்குக் கிடைத்த ஒரே நல்ல விஷயம் அந்தப் பையன் சொன்ன உண்மை.

தடைக்காலம் என்ற சொல்லைக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. செய்தியில் வருஷாவருஷம் படிக்கிறதுதான். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2001-இல் தொடங்கியபோது 45 நாளாக இருந்தது, 2017-இல் 61 ஆக்கினார்கள். மீன் சினைப்பட்டு முட்டையிடுகிற பருவம், அந்த நேரத்தில் மடி வலையைப் போட்டு அடியோடு அரித்தால் அடுத்த வருஷத்துக்கு ஒன்றும் மிஞ்சாது என்பதற்காக. மேற்குக் கரைக்கு ஜூனில்தான் தடை தொடங்கும், அதனால் மே மாதத்தில் அந்தப் பக்கத்து மீன்தான் நம் ஊர்களுக்கெல்லாம் லாரி ஏறி வருகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்றால் அநேகமாக நம் சித்திரையும் வைகாசியும் முழுசாக அப்படியே. பள்ளிக்கூடத்துக்கு முழுப்பரீட்சை லீவு விடுவதும் அந்த நேரத்தில்தான். ஆக, வெளியூர் ஜனம் பிள்ளை குட்டியோடு கடற்கரை ஊர்களுக்குக் கிளம்புகிற நாளும், அந்த ஊர்ப் படகுகள் கரையில் வரிசையாகக் கட்டிக் கிடக்கிற நாளும் ஒன்றேதான். கடலில் மீன் மிகக் குறைவாக வரும் காலத்தில் மீன் தேடி மிக அதிகமான ஆட்கள் வருகிறோம். வருகிறவர்கள் எல்லாம் கேட்பது ஒரே மீன், வஞ்சிரம். சென்னையில் வஞ்சிரம் என்போம், தூத்துக்குடியில் சீலா, நாகர்கோவிலில் நெய்மீன். பேர் மூன்றானாலும் மீன் ஒன்றுதான். முள் குறைவு, துண்டு போட வசதி, பிள்ளைகள் சாப்பிடும், படத்துக்கும் அழகு. நானும் அதைத்தான் கேட்டேன்.

ஓட்டல்காரர் என்ன செய்வார், இருக்கிறதைத்தானே போட முடியும் என்று ஊருக்கு வந்த பிறகு நண்பர் ஒருவர் சொன்னார். அதை நானும் யோசித்துப் பார்த்தேன். ஐஸ் மீன் போட்டதில் எனக்குக் கோபம் இல்லை. தடைக்காலம் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன், 61 நாளும் இருக்கட்டும், அந்த ரெண்டு மாசம் வருமானம் இல்லாமல் கரையில் கிடக்கிற படகுத் தொழிலாளிகள் தாங்குகிற கஷ்டத்தை நினைத்தால் எனக்கு ஒரு வேளை வஞ்சிரம் கிடைக்காதது ஒரு விஷயமே இல்லை. கோபம் அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான். "காலைல போட்டுல வந்தது." ஊருக்கே தெரியும் போட்டு போகவில்லை என்று. பாம்பனில், ராமேஸ்வரத்தில், கரையில் நிற்கிற ஒவ்வொரு படகும் அதைச் சொல்லும். வெளியூர்க்காரனுக்குத் தெரியாது என்ற ஒரே நம்பிக்கையில் சொன்ன வாக்கியம் அது. "சார், இப்போ தடைக்காலம், வஞ்சிரம் ஐஸ்தான், நாட்டுப்படகு மீன் சின்னது கொஞ்சம் இருக்கு, அதை வேணா பொரிச்சுத் தரட்டுமா" என்று கேட்டிருந்தால் அம்மா எழுந்து கும்பிட்டிருப்பார்.

ஏனென்றால் மீன் இருந்தது. அது எனக்கு மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

விடியற்காலையில் தனுஷ்கோடி போனோம். 1964 டிசம்பர் புயல் வாரிக்கொண்டு போன ஊர். ரயிலே போய்விட்ட இடம். இப்போது அரிச்சல்முனை வரை நல்ல தார்ச்சாலை இருக்கிறது. ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. அந்த ஊர்க்காரர்கள் பெண் கடல், ஆண் கடல் என்பார்கள். வைகாசியில் தென்மேற்குக் காற்று ஆரம்பித்துவிடுவதால் ஆண் கடல் பக்கம் அலை எகிறிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் குளம் மாதிரி. வழியில் ஒரு இடத்தில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா காரை நிறுத்தச் சொன்னார்.

தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகுக்கும் கரைவலைக்கும் இல்லை. இது எனக்கு அதுவரை தெரியாது. பாக் நீரிணையில் மற்ற மாதங்களிலும் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்று முறை வைத்துத்தான் போகிறார்கள் என்று அங்கே நின்ற பெரியவர் ஒருவர் சொன்னார். வள்ளத்தில் போய் வலையை அரைவட்டமாக வளைத்து விட்டுவிட்டு, ரெண்டு முனைக் கயிற்றையும் கரையிலிருந்து ரெண்டு கூட்டமாக இழுக்கிறார்கள். ஆணும் பெண்ணும் கலந்து, இடுப்பில் கயிற்றை மாட்டிக்கொண்டு, பின்னாலேயே நடந்து நடந்து. கடைசி ஆள் மணல் மேட்டுக்கு வந்ததும் கயிற்றை விட்டுவிட்டு ஓடிப்போய் முன்னால் பிடிக்கிறார். கொஞ்ச நேரத்தில் மகளும் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, "பாத்து பாப்பா, கை அறுத்துரும்" என்று மட்டும் ஒருவர் சொன்னார்.

வலையின் மடி கரையேற ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. பெரிய மீன் ஒன்றும் இல்லை. சூடை, காரல், கொஞ்சம் நெத்திலி, கை நீளத்துக்கு நாலைந்து முரல், நடுநடுவே கண்ணாடி மாதிரி சொறி, அதாவது ஜெல்லி மீன். சூடைதான் அதிகம், வெள்ளி வெள்ளியாகத் துள்ளிக்கொண்டிருந்தது. ஒரு அக்கா உட்கார்ந்து ரகம் பிரிக்க ஆரம்பித்தார். அம்மா புடவையைச் செருகிக்கொண்டு அவர் பக்கத்தில் மணலில் குந்தினார். ஒரு சூடையை எடுத்தார். கட்டைவிரலால் வயிற்றுப் பக்கம் அழுத்தினார், விரலை எடுத்ததும் சதை மேலே வந்தது. செவுளை நகத்தால் நிமிர்த்தி எனக்குக் காட்டினார். உள்ளே செம்பருத்திப் பூ நிறம். கண் உருண்டையாக வெளியே தள்ளி, கறுப்பாக, ஈரமாக. செதில் ரெண்டு அம்மாவின் விரலில் ஒட்டிக்கொண்டு வெயிலில் மின்னியது. மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். கவிச்சியே இல்லை. கடல் வாசம் மட்டும்.

"எடுத்துக்கங்கம்மா, அம்பது ரூவாக்கு நெறையப் போடுறேன்" என்றார் அந்த அக்கா.

"எங்க வச்சு ஆக்குறது தாயி, லாட்ஜுல இருக்கோம். நேத்து ஓட்டல்ல வஞ்சிரம் வாங்குனோம், சரியில்ல."

"தடைக்காலத்துல வஞ்சிரம் கேட்டா என்னத்தக் குடுப்பாங்க? சூடையக் கேட்டுருக்கலாம்ல."

"சூடை எந்த ஓட்டல்ல தர்றாங்க?"

அந்த அக்கா கையை நிறுத்திவிட்டு யோசித்தார். "அதுவும் நெசந்தான். நாங்க வீட்டுக்கு ஆக்குவோம். மிச்சம் காயப் போட்ருவோம். ஓட்டல்காரவுக இதையெல்லாம் எங்க வாங்குறாக" என்றார்.

கொஞ்சம் தள்ளி ஒரு குடிசைக் கடையில் பதினோரு மணிக்கு மேல் வந்தால் பொரித்துத் தருவார்கள் என்றும் சொன்னார். மணி அப்போது ஏழரை. பத்து மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும், மறுநாள் காலையில் மனைவிக்கு வேலை. இருந்து சாப்பிட்டுவிட்டே போவோம் என்று நான் சொன்னேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. ராத்திரியில் நான் அவ்வளவு தூரம் ஓட்டக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். சூடையைத் திரும்பக் குவியலில் வைத்தார். எழுந்து போய்க் கடல் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டார். நான் பணம் கொடுக்கப் போனதற்கு அந்த அக்கா வாங்கவில்லை.

அந்த சூடை மீன் கிலோ என்ன விலைக்குப் போகும் என்று தெரிந்தவர்கள் யோசித்துப் பாருங்கள். அந்த ஓட்டலில் நாங்கள் மூன்று துண்டுக்குக் கொடுத்த காசுக்கு ஒரு கூடை வாங்கலாம். சூடையை முழுசாக, தலையைக் கிள்ளிவிட்டு, மிளகாயும் உப்பும் மஞ்சளும் தடவி, தோசைக்கல்லில் கொஞ்சமாக எண்ணெய் விட்டு மொறுமொறுவென்று எடுத்து வைத்தால் வஞ்சிரம் எங்கே என்று எவர் கேட்பார்? முள் இருக்கிறதே என்பார்கள். பொரித்த சூடையின் சின்ன முள்ளைக் கடித்தே சாப்பிட்டுவிடலாம். ஓட்டலுக்கு அரை மணி நேரத் தூரத்தில், தடையே இல்லாத வலையில், அன்றன்றைக்கு வந்துகொண்டிருக்கிறது. அந்தக் கரைவலைக்காரர்களுக்கு ரெண்டு மாசம் நல்ல விலை கிடைக்கும். வாசலில் ஒரு கரும்பலகை வைத்து இன்றைக்குக் கரைவலையில் சூடை, முரல் என்று சாக்பீஸில் எழுதினால் போதும். எங்களை மாதிரி வருகிறவர்களும் முதலில் "இன்னிக்கு என்ன மீன் வந்துச்சு" என்று கேட்டுவிட்டு, அப்புறம் பேரைச் சொல்ல வேண்டும். அந்த ஓட்டலில் போய் நான் கேட்ட கேள்வி தப்பு. ஃப்ரெஷ்ஷா என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லப் போவதில்லை.

திரும்பும் வழியில் பாம்பனில் கருவாட்டுக் கடைகளைப் பார்த்ததும் அம்மா இறங்கிக்கொண்டார். தரையில் சாக்கு விரித்து, குவியல் குவியலாக. கடையில் இருந்த ஆச்சி, அம்மா கை வைப்பதற்கு முன்பே ஒவ்வொன்றாகக் காட்டிச் சொன்னார். "இது நெத்திலி, நல்லாக் காஞ்சது, ஆறு மாசம் வச்சுக்கலாம். இது போன மாசத்து வாளை, கொஞ்சம் உப்புக் கூட. இந்தச் சூடை முந்தாநாள் போட்டது, உள்ள ஈரம் இருக்கு, ஊருக்குப் போயி ரெண்டு வெயில் காய வைங்க, இல்லேன்னா புழு வச்சிரும்." அம்மா அந்தச் சூடையைத்தான் ஒரு கிலோ வாங்கினார். ஈரம் இருக்கிறது என்று கடைக்காரரே சொல்கிற சரக்கை ஏன் வாங்குகிறார் என்று மனைவிக்குப் புரியவில்லை. "சொல்லித்தானே குடுக்குது அந்த அம்மா" என்றார் அம்மா.

காருக்குள் சேலம் வரை அந்த வாசம். அப்புறம் ரெண்டு நாள் மொட்டை மாடியில் செய்தித்தாள் விரித்துக் காய்ந்தது, காக்காய் வராமல் மகள் குடை பிடித்துக்கொண்டு காவல் இருந்தாள். மூன்றாம் நாள் கத்திரிக்காயும் மொச்சையும் போட்டுக் குழம்பு வைத்தார். அம்மா ரெண்டாவது தடவை சோறு வாங்கியதை நான் பார்த்தேன்.

இந்த வருஷமும் திதி வைகாசியில்தான். மறுபடியும் தடைக்காலம்தான். இந்தத் தடவை லாட்ஜ் வேண்டாம் என்று, அடுப்படி உள்ள ஒரு வீடாகப் பார்த்து மூன்று நாளைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அம்மா மண்சட்டியைப் பழைய துணியில் சுற்றி இப்போதே எடுத்து வைத்துவிட்டார். மிளகாயும் மல்லியும் வறுத்து அரைத்து டப்பாவில் அடைத்தாயிற்று. நேற்று ராத்திரி புளியை உருண்டை பிடித்துக்கொண்டே, "சூடைக்குப் புளி நெறைய வேணாம்டா, இது போதும்" என்றார்.